கொரங்காட்டுச் சாளை சோலாருக்கு கட்-ஆஃப் ஸ்விட்ச்: பேட்டரியைத் தின்னவும் கூடாது, பழுதானால் கைவிடவும் கூடாது

கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் டொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். கரண்ட் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது, யாராவது போய்ப் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியவர்கள் கதை வேறு. உள்ளே இருக்கும் நோ-வோல்ட் காயில்தான் இதற்குக் காரணம். மின்சாரம் இருக்கிறவரை இழுத்துப் பிடிக்கும், நின்றால் ஸ்பிரிங் தள்ளிவிடும். ஒயர் அறுந்தாலும் சரி, காயில் கருகினாலும் சரி, விழுவது ஆஃப் பக்கம்தான். ஃபெயில்-சேஃப் என்கிறார்களே, அது இவ்வளவுதான்.

அந்தக் காயில் எவ்வளவு தின்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, இபி லைன் இருக்கிறதே. இதையே பேட்டரியில் மாட்டினால்தான் வம்பு.

எனக்கு வெள்ளகோவில் பக்கம் கொஞ்சம் கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருக்கிறது. சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், மாடு, எருமை, தங்க ஒரு சாளை (சின்ன வீடு). இபி கம்பம் ரொம்பத் தூரம். அதனால் 330 வாட் பேனல் இரண்டு, எட்டு எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட்) செல் சேர்ந்த 24 வோல்ட் 100 ஆம்ப்-ஹவர் பேட்டரி, 1 கேவிஏ இன்வெர்ட்டர். விளக்கு, ஃபேன், கேமரா, எப்போதாவது மிக்ஸி. பேட்டரி அளவுக்கு மேல் இறங்காமல் வெட்டிவிட ஒரு ஸ்விட்ச் வேண்டுமென்று தேடியதில் இரண்டு முறை சூடு பட்டேன்.

முதல் முறை, லாரிக்குப் போடுகிற 24 வோல்ட் சொலினாய்டை நாமக்கல்லில் வாங்கி வந்து மாட்டினேன். இரும்பு மாதிரி உறுதி, விலையும் குறைச்சல். அதன் காயில் 0.5 ஆம்ப் இழுத்தது. 25.6 வோல்ட்டில் அது 12.8 வாட், ஒரு நாளைக்கு 307 வாட்-ஹவர். என் பேட்டரி மொத்தமே 2,560 வாட்-ஹவர். ஐப்பசி அடைமழையில் நாலைந்து நாள் வெயிலே இல்லை, விளக்குக்கு முன்னால் ஸ்விட்ச்சே பேட்டரியைக் குடித்துவிட்டது. இரண்டாம் முறை, ஒரு தட்டில் மாறி அங்கேயே நிற்கிற, மின்சாரமே தின்னாத லாட்சிங் ரிலே போட்டேன். எட்டு மாதம் ஜோராக ஓடியது. அப்புறம் அதற்கு உத்தரவு கொடுக்கிற சின்ன போர்டுக்குள் பல்லி ஒன்று புகுந்து செத்து, போர்டும் செத்தது. ஆஃப் என்று சொல்ல ஆள் இல்லாததால் ரிலே ஆனிலேயே கிடந்தது. நான் போய்ப் பார்க்கும்போது ஒரு செல் 0.9 வோல்ட்டில் வயிறு உப்பி நின்றது.

மின்சாரம் தின்று பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் தானாகப் பத்திரமான பக்கம் விழும். தின்னாத ஸ்விட்ச் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு குணமும் ஒரே சாமானில் சேர்ந்து வராது, நாம்தான் சேர்த்துக் கட்ட வேண்டும்.

எந்தப் பக்கம் விழுந்தால் பத்திரம்?

கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்யுங்கள். என் சாளையில் விளக்கு அணைந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, செல் செத்தால் பல ஆயிரம் போச்சு. ஆகவே ஆஃப்தான் பத்திரம். ஆனால் பல்லடம் பக்கம் மூடிய ஷெட்டில் கறிக்கோழி வளர்ப்பவருக்கு இதே கணக்கு ஆகாது. சித்திரை வெயிலில் அங்கே ஃபேன் நின்றால் கொஞ்ச நேரத்தில் கோழி விழ ஆரம்பித்துவிடும். அவருக்குப் பேட்டரி போனாலும் பரவாயில்லை, ஃபேன் ஓட வேண்டும். அதனால் அங்கே ஸ்விட்ச் வெட்டுவதற்கு வெகு முன்னாலேயே சங்கு ஊத வேண்டும், ஜெனரேட்டர் கிளம்ப வேண்டும், வெட்டுவது கடைசிக் கடைசியாக.

சார்ஜ் பக்கத்துக்கு முடிவு வேறு. அதிக வோல்ட்டேஜ் ஏறினால் பேட்டரியைத்தான் கழற்ற வேண்டும் என்று நினைப்போம். பேனல் வெயிலில் நிற்கும்போது எம்பிபிடி கன்ட்ரோலரிலிருந்து (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றும் பெட்டி) பேட்டரியை மட்டும் படக்கென்று கழற்றினால், சில கன்ட்ரோலர்களின் வெளியீடு ஒரு கணம் எகிறி அதோடு சேர்ந்திருக்கும் இன்வெர்ட்டரையும் எல்இடியையும் கொன்றுவிடும், கன்ட்ரோலரும் சேர்ந்து போகலாம். வெட்ட வேண்டியது பேனல் பக்கம். கன்ட்ரோலரில் ரிமோட் ஆன்-ஆஃப் முனை இருந்தால் இன்னும் நல்லது, பெரிய ஸ்விட்ச்சே தேவையில்லை, செல்களைக் கண்காணிக்கிற பிஎம்எஸ் போர்டின் சின்ன சிக்னலே போதும். ரிமோட் முனையின் ஒயர் அறுந்தால் சார்ஜிங் நிற்க வேண்டும், தொடரக் கூடாது. வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்ப் கணக்கு மூன்று

தினசரி ஓட்டம், கிளம்பும் இழுப்பு, ஷார்ட் சர்க்கியூட். ஸ்விட்ச் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

என் இன்வெர்ட்டர் முழு லோடில் 800 வாட் கொடுக்கும். உள் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 37 ஆம்ப் வரும். மிக்ஸி கிளம்பும்போது இரண்டு மடங்கு. ஆகவே தொடர்ந்து 100 ஆம்ப் தாங்குகிற ஸ்விட்ச் போட்டேன். தகரக் கூரைக்குள் 45 டிகிரி இருக்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் ஆம்ப்பை அப்படியே நம்ப முடியாது.

ஷார்ட் சர்க்கியூட்டுக்கு: செல் ஒன்றின் உள்தடை அரை மில்லி ஓம் என்று வைத்தால் எட்டுக்கு 4, லிங்க், கேபிளுக்கு இன்னொரு 2. மொத்தம் 6 மில்லி ஓம். 25.6-ஐ வகுத்தால் நாலாயிரம் ஆம்ப்புக்கு மேல் வருகிறது. எந்த ரிலேயும் இதை வெட்டாது, முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். இது ஃபியூஸின் வேலை. பேட்டரி பிளஸ் முனைக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில், டிசி வோல்ட்டேஜும் வெட்டும் திறனும் எழுதியிருக்கிற ஹெச்ஆர்சி அல்லது கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ் ஒன்று. ஸ்விட்ச் எப்போதும் ஃபியூஸுக்கு அடுத்துத்தான்.

எவ்வளவு தின்கிறது? ஆனில் ஒரு கணக்கு, ஆஃபில் ஒரு கணக்கு

லாரி சொலினாய்டு பற்றிச் சொல்லியாயிற்று. எகானமைசர் வைத்த டிசி கான்டாக்டர் (பெரிய ரிலே) என்று ஒன்று உண்டு. இழுக்கும்போது மட்டும் பலமாக இழுத்து, பிடித்தபிறகு மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். பிடித்திருக்க இரண்டு மூன்று வாட், நாளைக்கு 50 முதல் 70 வாட்-ஹவர். 40 ஆம்ப் வண்டி ரிலேவின் காயில் ஏறக்குறைய 1.8 வாட், அதுவே 43 வாட்-ஹவர் ஆகிவிடும். மாஸ்ஃபெட் (காயில் இல்லாத எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வைத்த பேட்டரி ப்ரொடக்டர் ஒன்றிரண்டு மில்லி ஆம்ப்தான், நாளைக்கு ஒரு வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்ளலாம். லாட்சிங் ரிலே மாறும் நேரத்தில் மட்டும் ஒரு இழுப்பு, மற்றபடி சுத்த பூஜ்யம். ஷன்ட் ட்ரிப் காயில் (மின்சாரம் கொடுத்தால் தட்டிவிடும் காயில்) சேர்த்த டிசி எம்சிபியும் அப்படித்தான், ஆனால் ட்ரிப் ஆனால் கையால்தான் ஏற்ற வேண்டும். அதே எம்சிபிக்கு அண்டர்-வோல்ட்டேஜ் ரிலீஸ் என்று ஒரு துண்டும் கிடைக்கும். அது நம் நோ-வோல்ட் காயிலின் தம்பி, தானாக விழும், ஆனால் எந்நேரமும் தின்னும்.

இந்தக் கணக்கில் உத்தரவு கொடுக்கிற போர்டை எல்லாரும் மறந்துவிடுகிறோம். டிஸ்ப்ளே மினுக்குகிற மலிவு வோல்ட்டேஜ் போர்டு 25 மில்லி ஆம்ப் எடுத்தாலும் நாளைக்கு 15 வாட்-ஹவர். இன்வெர்ட்டர் சும்மா ஆனில் கிடந்தால் 15 வாட், நாளைக்கு 360. அதை ராத்திரி முழுக்க ஆனில் விட்டுவிட்டு ரிலேயில் இரண்டு வாட் மிச்சம் பிடிப்பது, ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் அளந்து ஊற்றுவது மாதிரி.

ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது தின்பதை வெயில் வந்தால் சரிக்கட்டலாம். குறைந்த வோல்ட்டேஜில் வெட்டிய பிறகு என்ன தின்கிறது என்பதுதான் செல்லின் உயிர். என் பேட்டரி வெட்டும்போது பத்து சதவீதம் மிச்சமிருந்தால் அது 256 வாட்-ஹவர். 15 தின்கிற போர்டு பேட்டரியோடு நேராக இணைந்திருந்தால் 17 நாளில் அதுவும் காலி. ஒரு வாட்-ஹவர் தின்பது என்றால் எட்டு மாதம் தாங்கும். ஆகவே வெட்டிய பிறகு அந்த ஸ்விட்ச்சுக்கும் போர்டுக்கும் கூடச் சோறு கிடைக்காதபடி ஒயர் போக வேண்டும்.

மாஸ்ஃபெட்டே போதாதா?

தினசரி வேலைக்குப் போதும், சின்ன லோடு என்றால் அதுவே சிறந்தது. ஆனால் மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் கெடும், அதாவது ஆனிலேயே உறைந்துவிடும். பிஎம்எஸ்-க்குள் இருப்பதும் பெரும்பாலும் மாஸ்ஃபெட்தான். அடுத்து, பேட்டரி ப்ரொடக்டர்கள் பல ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும், சார்ஜ் கரண்ட்டை அதன் வழியாகத் திருப்பி விடக் கூடாது. இன்வெர்ட்டரின் மெயின் கேபிளில் அதைப் போடாதீர்கள் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பும் இழுப்பை அது ஷார்ட் என்று நினைத்துக்கொள்ளும், அல்லது எரிந்துபோகும். இன்வெர்ட்டரின் ரிமோட் முனையை அதைக் கொண்டு இயக்கலாம், அது நல்ல வழி.

இரண்டையும் சேர்த்துக் கட்டுவது

இப்போது என் சாளையில் ஓடுவது இது. மெயின் ஸ்விட்ச், ஆனுக்கு ஒன்று ஆஃபுக்கு ஒன்று என இரண்டு காயில் உள்ள லாட்சிங் ரிலே. அதன் ஆஃப் காயிலுக்குப் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர். நடுவில், வெறும் 0.15 வாட் எடுக்கிற ஒரு குட்டி சிக்னல் ரிலே. பிஎம்எஸ்-உம் வோல்ட்டேஜ் போர்டும் 'எல்லாம் நலம்' என்று சொல்கிறவரை குட்டி ரிலே இழுத்துப் பிடித்திருக்கும். போர்டு செத்தால், ஒயர் அறுந்தால், வோல்ட்டேஜ் இறங்கினால், குட்டி ரிலே விழும். விழுந்ததும் அதன் நார்மலி க்ளோஸ்டு முனை (ரிலே விழுந்திருக்கும்போது சேர்ந்திருக்கும் முனை) வழியாகக் கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்த மின்சாரம் முழுக்க ஆஃப் காயிலுக்குள் பாயும், பெரிய ரிலே டப்பென்று திறந்துகொள்ளும். நாளைக்கு 3.6 வாட்-ஹவரில் ஸ்டார்ட்டரின் குணம் வந்துவிட்டது.

கெப்பாசிட்டர் அளவு இப்படிப் பார்க்கலாம். என் ஆஃப் காயில் 1 ஆம்ப், 50 மில்லி செகண்ட் கேட்கிறது. 10,000 மைக்ரோஃபாரட் போட்டால் அந்த இழுப்பில் 5 வோல்ட் இறங்கும், 22,000 போட்டால் இரண்டேகால்தான். நான் 22,000, 50 வோல்ட் போட்டேன். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் பத்து டிகிரி சூடு கூடக்கூடப் பாதி ஆயுளை இழக்கும். கூரைத் தகரத்துக்குக் கீழே மாட்டாமல் சுவரின் வடக்குப் பக்கம், கீழே மாட்டுங்கள். வருகிற ஒயரில் ஒரு டயோடும் 470 ஓம் ரெசிஸ்டரும் போட்டால் அது மெதுவாக நிரம்பும், பேட்டரி இறங்கினாலும் திரும்பிக் கொட்டாது.

இந்தக் கெப்பாசிட்டர், குட்டி ரிலே, வோல்ட்டேஜ் போர்டு மூன்றுக்கும் சப்ளை எடுப்பது பேட்டரி பக்கத்திலிருந்து இல்லை, பெரிய ரிலேக்கு அந்தப் பக்கம், லோடு பக்கத்திலிருந்து. ஆகவே ரிலே திறந்ததும் எல்லாம் ஒன்றாக அணைந்துவிடும், பிஎம்எஸ்-உம் பேனல் கன்ட்ரோலரும் எடுக்கிற துளியைத் தவிர பேட்டரியிலிருந்து எதுவும் போகாது. பேனல் கன்ட்ரோலர் பேட்டரி பக்கத்தில் தனியாக இருப்பதால் வெயில் வந்தால் பாட்டுக்கு ஏறிக்கொள்ளும். திரும்ப ஆன் செய்ய, பச்சைப் பட்டன். அது 50 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் வழியாக லோடு பக்கத்துக்கு மின்சாரம் கொடுக்கும். இன்வெர்ட்டரை ஆஃபில் வைத்துவிட்டு அரை நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். போர்டு விழிக்கும், குட்டி ரிலே பிடிக்கும், இந்தக் கெப்பாசிட்டரும் இன்வெர்ட்டருக்குள் இருப்பதும் நிரம்பும், அப்புறம் ஆன் காயிலுக்கு ஒரு தட்டு. இப்படி மெதுவாக நிரப்பாமல் நேராக ஆன் செய்தால் இன்வெர்ட்டர் கெப்பாசிட்டர் இழுக்கிற இழுப்பில் பொறி பறந்து, நாலைந்து தடவையில் ரிலே முனை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஸ்விட்ச்சை எந்த ஃபெயில்-சேஃபும் திறக்காது.

காயில்களுக்குக் குறுக்கே டயோடு போடுவோம் அல்லவா, அது போர்டைக் காப்பாற்றும், ஆனால் ரிலே விழுவதைத் தாமதப்படுத்தும். முனை மெதுவாகத் திறந்தால் பொறி நீளும். எகானமைசர் இல்லாத கான்டாக்டர் போடுபவர்கள் டயோடோடு வரிசையில் ஒரு ஸீனர் டயோடு சேர்த்துக்கொள்ளுங்கள், ரிலே சீக்கிரம் விழும்.

இவ்வளவு சாலிடரிங் வேண்டாம் என்பவர்களுக்கு: இன்வெர்ட்டரின் உள் கட்-ஆஃபைத் தினசரி வேலைக்கு விட்டுவிட்டு, அதற்கு அப்புறம் கடைசிக் காவலாக எகானமைசர் கான்டாக்டர் ஒன்றை ஸ்டார்ட்டர் மாதிரியே லோடு பக்கத்திலிருந்து தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும்படி போடுங்கள், நடுவில் பிஎம்எஸ் முனை. நாளைக்கு 60 வாட்-ஹவர் போகும். 200 ஆம்ப்-ஹவருக்கு மேல் பேட்டரி இருந்தால் அது தாங்கும், என் 100-க்குக் கட்டுப்படியாகாது.

வோல்ட்டேஜ் செட்டிங்

எல்எஃப்பி செல்லுக்கு 2.5 முதல் 3.65 வோல்ட் வரை எல்லை. எட்டு செல்லுக்கு நான் வைத்திருப்பது: இன்வெர்ட்டர் 24.6-ல் நிற்கும், மெயின் ஸ்விட்ச் 24.0-ல் வெட்டும், கன்ட்ரோலர் 28.2-ல் சார்ஜை நிறுத்தும், பிஎம்எஸ் எந்த ஒரு செல் 3.65 தொட்டாலும் கத்தும். மொத்த வோல்ட்டேஜை மட்டும் நம்பாதீர்கள். ஏழு செல் 3.1-ல் இருந்து ஒன்று 2.3-க்கு இறங்கினாலும் மொத்தம் 24.0 காட்டும். பத்து இருபது செகண்ட் தாமதம் வையுங்கள், இல்லையென்றால் தேங்காய் அரைக்கும்போதெல்லாம் வீடு இருட்டாகும். டியூபுலர் (லெட்-ஆசிட்) பேட்டரி இரண்டு வைத்திருப்பவர்கள் லோடில் 23-க்குக் கீழே போக விடாதீர்கள்.

கடையில்

எங்கள் ஒயர்மேன் தம்பி ஒரு எம்சிபியை எடுத்துவந்து, "அண்ணா, 63 ஆம்ப்புங்க, உங்க நாப்பதுக்கு இது தாராளமுங்க" என்றான். திருப்பிப் பார்த்தால் 240 வோல்ட் ஏசி. ஏசி கரண்ட் செகண்டுக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானாக அணையும். டிசியில் அந்தப் பூஜ்யம் வராது, பொறி நின்று எரியும். "டிசி எழுதியிருக்கறதா பார்த்து எடுத்துட்டு வா கண்ணு" என்று திருப்பி அனுப்பினேன். டிசி எம்சிபியிலும் பிளஸ் மைனஸ் குறி போட்டது ஒரு திசைக்குத்தான். சார்ஜும் லோடும் ஒரே கேபிளில் போனால் குறி இல்லாததை, இரு திசைக்கும் ஆனதைக் கேளுங்கள். கிணற்று ஸ்டார்ட்டரிலிருந்து பிரித்த கான்டாக்டர் சும்மா கிடக்கிறதே என்று போடாதீர்கள். டிசி ரேட்டிங் அட்டவணை கிடைத்து, எத்தனை போலை (முனை ஜோடியை) வரிசையில் கோக்க வேண்டும் என்று தெரிந்தால் ஒழிய வேண்டாம்.

மூடி சீல் செய்த ரிலே வாங்குங்கள். திறந்த முனைக்கு நடுவில் எறும்பு போய் நசுங்கி ஓடாமல் போன ஸ்டார்ட்டர்களை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம். பெட்டியின் கேபிள் ஓட்டைக்கு, கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கிற கிளாண்டு போடுங்கள், என் பல்லி வந்தது அந்த வழியாகத்தான்.

மாட்டியபின் சோதனை

கைக் காப்பு, மோதிரம் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். முழு லோடு ஒரு மணி நேரம் ஓடியபின் ஸ்விட்ச்சின் இரு முனைக்கும் நடுவில் மல்ட்டிமீட்டரில் மில்லி வோல்ட் பாருங்கள். என்னுடையதில் 37 ஆம்ப்பில் 12 மில்லி வோல்ட், அதாவது அரை வாட்டுக்கும் குறைவு. 100-ஐத் தாண்டினால் கேபிள் நுனியின் லக் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அல்லது ரிலே முனை கெட்டிருக்கிறது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். பிஎம்எஸ் சிக்னல் ஒயரைப் பிடுங்குங்கள், விழ வேண்டும். போர்டு சப்ளையைப் பிடுங்குங்கள், விழ வேண்டும். குட்டி ரிலேயைச் சாக்கெட்டிலிருந்து உருவினால் என்னுடையது முதலில் விழவில்லை, ஏனென்றால் நார்மலி க்ளோஸ்டு முனையும் அதோடு வெளியே வந்துவிட்டது. அதனால் இப்போது அதைச் சாக்கெட்டில் வைக்காமல் போர்டிலேயே சாலிடர் செய்துவிட்டேன். கெப்பாசிட்டர் வற்றிப்போனதைத்தான் எந்த விளக்கும் காட்டாது. அதற்காக அமாவாசைக்கு அமாவாசை சிக்னல் ஒயரை ஒருமுறை பிடுங்கி டப் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு, ஒயரைத் திரும்ப மாட்டி, பச்சைப் பட்டனை அரை நிமிடம் அமுக்கி ஆன் தட்டிவிட்டு வருகிறேன்.